யோசனையா, நினைவா, பராக்கா: மனம் போன இடத்துக்குச் சொல் தேடுவது எப்படி

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் ஒரு சாயங்காலம், சிங்கப்பூர் ஹவ்காங்கில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு பையன் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். தொடக்கநிலை ஆறு படிப்பவன், எதிர் வீட்டுப் பிள்ளை. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் புளோக்கில் இருக்கும் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ் சொல்லித் தருகிறேன். அன்று அவன் எழுதிய வரி இது: "ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த தாத்தா சிந்தனையில் தொலைந்து போனார்."

சிவப்புப் பேனாவை நான் எடுக்கவில்லை. 'lost in thought' என்று ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதியிருக்கிறான் என்று தெரிந்தது. தமிழில் தொலைவது சாவி, குடை, பேருந்து அட்டை. ஆளைப் பற்றிச் சொன்னால், தேக்கா சந்தைக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனது என்போம். கோபம் வந்தால் "எங்கேயாவது தொலைஞ்சு போ" என்போம். தாத்தாவுக்கு இதெல்லாம் பொருந்தாது. ஆனாலும் தாத்தா அங்கே இருந்தும் அங்கே இல்லை என்பதை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கிறான். பார்த்தது சரி, சொல்தான் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லைத் தேடி அன்று ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். நாங்கள் தேடிய வழியை, கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும் பெற்றோருக்கும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் மனம் தொலைவதில்லை, தண்ணீருக்குள் போகிறது. ஆழ்ந்து, மூழ்கி, திளைத்து, தோய்ந்து என்று நாம் சொல்வதெல்லாம் நீர்ச்சொற்கள். நினைவுக்கு ஓட்டம் உண்டு, எண்ணத்துக்கு அலை உண்டு. ஆழ்வார் என்ற பெயருக்கே பக்தியில் ஆழ்ந்தவர் என்று பொருள் சொல்வது வழக்கம். ஆனால் இந்த நான்கு சொல்லும் ஒன்றல்ல. 'ஆழ்ந்து' அமைதியானது. சிந்தனையில் ஆழலாம், தூக்கத்தில் ஆழலாம், சோகத்திலும் ஆழலாம். 'மூழ்கி' என்றால் தலைக்கு மேல் தண்ணீர் போய்விட்டது: வேலையில் மூழ்கி, கவலையில் மூழ்கி, கடனில் மூழ்கி. 'திளைத்து' மகிழ்ச்சிக்கே உரியது. "துக்கத்தில் திளைத்தாள்" என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்தப் பெண் துக்கத்தை ருசித்தாள் என்று ஆகிவிடும். 'தோய்ந்து' தேர்வுக் கட்டுரையில் அதிகம் தேவைப்படாது, விட்டுவிடலாம்.

அடுத்தது முக்கியமான கேள்வி. மனம் எங்கே போயிருக்கிறது?

ஏதோ ஒரு முடிவைத் தேடிப் போயிருந்தால் அது யோசனை. வீட்டை விற்கலாமா வேண்டாமா, மகளை எந்த உயர்நிலைப்பள்ளியில் சேர்ப்பது, இப்படி. பேச்சில் இதற்கு நிறைய வேலை உண்டு. "எனக்கு ஒரு யோசனை" என்றால் வழி ஒன்று தோன்றியிருக்கிறது. "யோசனையா இருக்கு" என்றால் மனம் ஒப்பவில்லை. "அவர் யோசிக்கிறார்" என்று கல்யாணப் பேச்சில் யாராவது சொன்னால், அநேகமாக மறுப்பு வரப்போகிறது என்று அர்த்தம். பழைய கதைகளில் தூரத்தை அளக்கவும் யோசனை என்ற சொல் வரும், இத்தனை யோசனை தூரம் என்று. உட்கார்ந்த இடத்திலிருந்து மனம் நெடுந்தூரம் போவதற்கும் அதே சொல் அமைந்தது எனக்கு எப்போதும் பிடிக்கும். சிந்தனை என்பது இன்னும் கொஞ்சம் கனமானது, எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. சமையலறையில் யாரும் "என்ன சிந்தனை?" என்று கேட்பதில்லை, "என்ன யோசனை?" என்றுதான் கேட்பார்கள். அதனால் உரையாடலில் யோசனை, கதை சொல்லும் வரியில் சிந்தனை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

மனம் பின்னால் போயிருந்தால், அதாவது நடந்து முடிந்ததற்குத் திரும்பியிருந்தால், அது நினைவு. "பழைய நினைவுகளை அசைபோட்டார்" என்று மனப்பாடம் செய்த தொடரைப் பிள்ளைகள் எழுதுவார்கள். அசைபோடுவது யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மாடு அவசரமாக மேய்ந்ததை நிழலில் படுத்து மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லுகிறது, அதுதான் அசைபோடுவது என்று சொல்லிக் கொடுங்கள். நம் ஊரில் மாட்டைக் காட்ட இடமில்லை என்று நினைக்க வேண்டாம். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவுக்கு மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்களே, அப்போது கூட்டிப் போய் ஐந்து நிமிடம் அதன் வாயையே பார்க்கச் சொல்லுங்கள். அந்த வட்டாரத்தின் பழைய பெயரான கண்டாங் கிர்பாவ் என்பதற்கே எருமைக் கொட்டகை என்றுதான் மலாயில் பொருள். பக்கத்திலேயே எருமையின் பெயரில் பஃபலோ ரோடும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரில் அந்தக் கொட்டகைதான் ஒளிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை 'அசைபோட்டார்' என்று எழுதும்போது, சொல் அவன் ஊருக்குள் வந்துவிடுகிறது. ஆனால் கவனம்: அசைபோடுவதில் ருசி இருக்கிறது. நிதானமாக, விரும்பித்தான் அசைபோடுவோம். விபத்தையோ மரணத்தையோ யாரும் அசைபோடுவதில்லை. அங்கே "நினைத்து நினைத்து" என்று அடுக்கிச் சொன்னால் போதும், வலி தெரியும்.

மனம் முன்னால் போயிருந்தால் மனக்கோட்டை. கட்டுவது என்பதுதான் இதற்கு வினை: மனக்கோட்டை கட்டினாள். 'பகல் கனவு' என்பதை மட்டும் எடைபோட்டு எடுங்கள், ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் பாய்வது இந்தச் சொல்லுக்குத்தான். "அம்மா சோபாவில் உட்கார்ந்து பகல் கனவு கண்டார்" என்று எழுதுவார்கள். அம்மா பாவம், சும்மா ஓய்வாக இருந்திருப்பார். தமிழில் பகல் கனவு என்றால் பலிக்காத ஆசை, அதில் குற்றம் சொல்லும் குரல் இருக்கிறது. "உழைக்காமல் பணக்காரன் ஆகலாம் என்று பகல் கனவு காணாதே" என்பது சரியான இடம். அப்துல் கலாம் இளையர்களைக் கனவு காணச் சொல்லிச் சொல்லி 'கனவு' என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. 'பகல்' சேர்ந்தால் அந்த மரியாதை போய்விடும்.

இதை விளக்க நான் எப்போதும் மாட் ஜெனின் கதையைச் சொல்வேன். மலாய்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. தென்னை மரம் ஏறிக் காய் பறிப்பவன், ஏறும்போதே கூலியை வைத்துக் கோழி வாங்கலாம், கோழியை விற்று ஆடு வாங்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போய், கடைசியில் கையை விட்டுக் கீழே விழுகிறான். பஞ்சதந்திரத்தில் மாவுப் பானையைக் காலால் உதைத்து உடைத்தவனும் இவனுக்கு அண்ணன் தம்பிதான். வகுப்பில் பக்கத்து இருக்கை மலாய்ப் பிள்ளையிடம் இந்தக் கதையைக் கேட்டுவரச் சொன்னால் இரண்டு பேருக்கும் சந்தோஷம், பகல் கனவின் பொருளும் மறக்காது.

மனம் எங்கும் போகாமல் சும்மா நின்றுவிட்டால்? இங்கேதான் நம் பேச்சுத் தமிழ் செழிப்பாக இருக்கிறது. 'பராக்குப் பார்க்கிறான்' என்று என் அம்மா சொல்வார். செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்க, கண் வேறு எங்கோ மேய்வது பராக்கு. அரசர் வரும்போது கட்டியக்காரன் "பராக்! பராக்!" என்று கூவுவதாக நாடகங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே அது கவனமாக இருங்கள் என்ற எச்சரிக்கை, வீட்டில் அதுவே கவனம் இல்லை என்ற குறை. வீட்டுப் பொருளைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். 'வேடிக்கை பார்ப்பது' கொஞ்சம் வேறு, அதற்கு எதிரில் ஏதாவது நடக்க வேண்டும். 'வெறித்துப் பார்ப்பது' இன்னும் வேறு. கண் ஓர் இடத்தில் குத்தி நிற்கும், ஆனால் பார்ப்பது எதையும் இல்லை. மூன்றையும் நம் காப்பிக்கடையில் வைத்து எழுதிப் பாருங்கள். தட்டைத் துடைக்க வேண்டிய பையன் தொலைக்காட்சியில் பந்தாட்டத்தைப் பார்த்து நிற்கிறான், அது பராக்கு. வேலையில்லாத இரண்டு பேர் பக்கத்து மேசைச் சண்டையைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அது வேடிக்கை. காப்பி ஆறிப்போனது தெரியாமல் சுவரைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அது வெறிப்பு.

நம் பிள்ளைகள் இதற்கெல்லாம் சேர்த்து "ஸ்டோன் பண்றான்" என்கிறார்கள். நான் கண்டிப்பதில்லை. கல்லாய் உட்கார்ந்திருப்பதைத் தமிழும் சொல்கிறது: சிலையாய் நின்றான், பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஸ்டோன் என்று வாயில் வந்தால் அதையே கயிறாகப் பிடித்துக்கொண்டு இந்தத் தொடர்களுக்கு இழுத்து வாருங்கள். சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

ஆனந்தத்தில் போன மனத்துக்கு மெய்மறந்து. மெய் என்றால் இங்கே உடம்பு. உடம்பு இருப்பதே மறந்துபோய் நாதஸ்வரம் கேட்பது, மழையைப் பார்ப்பது. லயித்து என்பதும் இதே வீட்டுச் சொல்தான்.

ஆபத்தான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி, "ஆசிரியர் சுயநினைவை இழந்து வானத்தைப் பார்த்தார்" என்று எழுதியிருந்தாள். தன்னை மறந்து என்று எழுத நினைத்திருக்கிறாள். சுயநினைவை இழப்பது என்றால் மயங்கி விழுவது. 'நினைவு தப்பியது', 'நினைவு திரும்பியது' எல்லாமே மருத்துவமனைக்குரியவை. அதேபோல் 'பேயறைந்தது போல்' என்பதற்கு முன்னால் ஓர் அதிர்ச்சி நடந்திருக்க வேண்டும். 'திருதிரு என்று விழித்தான்' என்றால் அவன் ஏதோ செய்து மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண யோசனைக்கு இவற்றைக் கொண்டுவராதீர்கள்.

இவ்வளவும் மனம் எங்கே போனது என்பது. இன்னொரு கேள்வி இருக்கிறது: யார் சொல்கிறார்கள், எந்தக் குரலில் சொல்கிறார்கள்? ஒரே ஆளைப் பார்த்து அம்மா "பராக்குப் பார்க்காதே" என்பார், பாட்டி "பிள்ளைக்கு என்ன ஏக்கமோ" என்பார். கவலையும் கண்டிப்பும் சொல்லிலேயே தெரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் அப்பாவிடம். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தால், "ஏம்மா, கப்பல் கவிழ்ந்துடுச்சா?" என்று கேட்பார். எல்லா வீட்டிலும் கேட்பதுதான். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று பழமொழியும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அது வெறும் பழமொழியாக இருக்கவில்லை. கப்பல் வந்தால்தான் அப்பாவுக்கு வேலை. கப்பல் குறைந்த மாதங்களில் அவரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அம்மா எதுவும் கேட்காமல் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு எங்களைக் கூட்டிப்போனால், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களை எண்ணச் சொல்வார். எண்ணி முடித்ததும், "பார்த்தியா, ஒண்ணும் கவிழலை" என்பார். இன்றைக்கும் அங்கே போனால் கடல் முழுக்கக் கப்பல்கள் நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தத் தொடரை அங்கே நின்று சொல்லிக் கொடுங்கள். கன்னத்தில் கை வைப்பது வருத்தத்துக்கு மட்டும் உரியது, சந்தோஷமான கற்பனைக்கு ஆகாது என்பது விளக்காமலே புரியும்.

சொல் எதுவும் அகப்படவில்லையென்றால், உடம்பை எழுதுங்கள். இதை நான் சொல்லைவிட உயர்வாகவே நினைக்கிறேன். ஆனால் உங்கள் கண் பார்த்த உடம்பாக இருக்க வேண்டும். "விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்" என்று பிள்ளைகள் தொடர்ப் பட்டியலைப் பார்த்து எழுதுகிறார்கள். விட்டம் என்றால் கூரையைத் தாங்கும் மரம். நம் வீவக அடுக்குமாடி வீட்டில் ஏது விட்டம்? மின்விசிறி சுற்றுகிறது, அதைப் பார்த்துப் படுத்திருக்கலாம். எதிர் புளோக்கில் கம்பில் காயும் துணிகளைப் பார்க்கலாம். பென்சில் முனையைக் கடிக்கலாம். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நின்றுபோகலாம். அடுப்பில் பால் பொங்கி வழிவது காதில் விழாமல் நிற்கலாம். இவற்றில் ஒன்றை எழுதினால், பக்கத்தில் 'யோசனை' என்ற சொல்லே தேவைப்படாது.

பழகுவதற்கு ஓர் இடம் சொல்கிறேன். வடகிழக்கு எம்ஆர்டி ரயில் பாதை முழுக்கத் தரைக்கு அடியில் ஓடுகிறது. ஜன்னலில் காட்சி எதுவும் இல்லை, நம் முகம்தான் தெரியும். லிட்டில் இந்தியாவில் ஏறி ஹவ்காங் வருவதற்குள் நடுவே ஆறு நிலையங்கள். கைபேசி பார்ப்பவர்களை விட்டுவிடுங்கள், கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருக்கும், அது வேறு கணக்கு. பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவரைப் பாருங்கள், அவர் சங்கடப்படாத அளவுக்கு. முன்னால் போயிருக்கிறாரா, பின்னால் போயிருக்கிறாரா? நெற்றி சுருங்கினால் யோசனை. உதட்டோரம் லேசாக விரிந்தால் இனிய நினைவு அல்லது மனக்கோட்டை. அவருக்கு ஒரே ஒரு வரி மனதுக்குள் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நான் இன்றும் செய்கிறேன்.

அப்புறம், திரும்பி வருவதை எழுத மறந்துவிடாதீர்கள். போன மனம் வர வேண்டும் அல்லவா? இதற்குத் தமிழில் அருமையான வினை ஒன்று இருக்கிறது: கலைதல். மேகம் கலையும், கூட்டம் கலையும், தூக்கம் கலையும், கனவு கலையும், யோசனையும் கலையும். உடைவதில்லை, அறுவதில்லை, இருந்தது மெல்லப் பிரிந்து போகிறது. இதிலேயே நுணுக்கமான இலக்கணம் ஒன்றும் இருக்கிறது. தானாகப் போனால் 'கலைந்தது'. யாராவது காரணமாக இருந்தால் 'கலைத்தேன்', 'கலைத்தார்'. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

சரி, அந்தப் பையனின் தாத்தாவுக்கு வருகிறேன். ஒவ்வொரு சொல்லாக அவனிடம் நீட்டினேன்.

"தாத்தா ஏதாவது முடிவு எடுக்க யோசித்தாரா தம்பி?"

"இல்லை டீச்சர்."

"பராக்குப் பார்த்தாரா?"

"இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, கார் நிறுத்துமிடம்தான்."

"பழையதை அசைபோட்டாரா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வாய் அசையும் டீச்சர். சத்தம் வராது. பாட்டியோடு பேசுவது மாதிரி."

அவன் பாட்டி தவறிப்போய் அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு இது தெரியும், ஆனால் கட்டுரைத் தலைப்போடு சேர்த்துப் பார்க்கவில்லை. திருக்குறளில் 'நினைந்தவர் புலம்பல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தும்மல் வருவதுபோல் வந்து அடங்கிவிட்டதே, அவர் என்னை நினைக்கத் தொடங்கி நிறுத்திவிட்டாரோ என்று அதில் ஒருத்தி கேட்கிறாள். நம் வீடுகளில் சாப்பிடும்போது புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று தலையைத் தட்டிவிடுகிறோமே, அந்தப் பழக்கம் அவ்வளவு பழையது. அதை அவனுக்குச் சொன்னேன். தாத்தாவுக்கும் அடிக்கடி புரையேறும் என்றான்.

அவன் பழைய வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினான்: "தாத்தா ஜன்னல் ஓரம் பாட்டியின் நினைவில் ஆழ்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. நான் 'தாத்தா' என்று கூப்பிட்டேன். அவருடைய நினைவு கலைந்தது."

எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியை மட்டும் காட்டினேன். "நீ கூப்பிட்டதால்தானே போனது? அப்படியென்றால் கலைந்தது இல்லை தம்பி, கலைத்தேன்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே பார்த்தான். பிறகு கடைசி இரண்டு வரியையும் அடித்தான்.

"நான் கூப்பிடவில்லை என்று எழுதுகிறேன் டீச்சர்."